பக்கம் முடியும் இடம்

அரங்கில் இருப்பவர்கள்: நடத்துநர், நாற்பது வாத்தியக்காரர்கள், இசையமைப்பாளர், அவர் மனைவி, காவலாளி. முன்பகல் வெயில் காலி நாற்காலிகளின் தூசியைக் காட்டுகிறது. பிறந்த நாட்டை விட்டு வந்து முப்பது வருடம் கழித்து, இசையமைப்பாளரின் சொந்த இசை இன்று மாலை முதல் தடவையாக மேடையேற வேண்டும். இதுவரை பிழைப்பு, மற்றவர்களின் இசையை ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாகப் பிரதி எடுத்துக் கொடுப்பது. வாசிப்பவருக்குக் கை ஓய்கிற இடத்தில் பக்கம் முடிய வேண்டும். அப்போதுதான் தாளைத் திருப்ப முடியும். அந்த வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. தன்னுடையதை எழுதும்போது ஆசையில் அதை மறந்துவிட்டார். ஒத்திகையில் புல்லாங்குழல்காரி ஒரே மூச்சில் உச்சிக்கு ஏறுகிறாள், பக்கம் முடிகிறது, குழலிலிருந்து கையை எடுத்துத் தாளைத் திருப்புகிறாள், இசை அறுந்து விழுகிறது. அடுத்து கிளாரினெட்டிலும் அப்படியே. பின்வரிசையில் யாரோ சிரிக்கிறார்கள்.

“யார் சார் காப்பி எடுத்தது?” என்கிறார் நடத்துநர்.

“நான்தான். சாயங்காலத்துக்குள்ள மாத்தி எழுதிடறேன்.”

“மறுபடி ஒத்திகைக்கு நேரம் ஏது? இதை விட்டுடலாம். நான் புதுசா எழுதினதுக்குக் காப்பி திங்கட்கிழமை வேணும், ஞாபகம் இருக்கில்ல?”

“சரி சார்.”

மனைவி அவருடைய கோட்டை நீட்டுகிறாள். “முப்பது வருஷத்துல நீங்க போட்ட மெட்டு இந்த ‘சரி சார்’ ஒண்ணுதான்.” சொல்லிவிட்டு முன்னால் நடக்கிறாள். வாத்தியக்காரர்கள் கலைந்ததும் அவர் ஒவ்வொரு ஸ்டாண்டாகப் போய்த் தன் தாள்களை எடுக்கிறார். ஒன்றின் ஓரத்தில் யாரோ தூங்குகிற முகம் ஒன்றை வரைந்திருக்கிறார்கள். அதையும் அடுக்கில் சேர்த்துக்கொள்கிறார்.

“பெரியவரே, பூட்டணும்,” என்கிறான் காவலாளி.

அவர் வெளியே காலை வைத்ததும் கதவைச் சாத்திப் பூட்டுகிறான்.