ஒன்பது மறுப்பும் ஒரு சம்மதமும்

“மனசைத் தேத்திக்கோ ருமியானா. உன் புத்தகத்தைப் போட வேண்டாம்னு முதலாளி சொல்லிட்டார்.”

பதிப்பாசிரியர் வெலிச்கா இப்படிச் சொன்னதும் ருமியானா வெடுக்கென்று நிமிர்ந்தாள். கையிலிருந்த காபி தளும்பி மேசையில் சிந்தியது. பக்கத்தில் இருந்த கணவன் கலின் கைக்குட்டையால் துடைத்தான்.

“ஏன்க்கா? என்ன குறையாம்?” என்றாள் ருமியானா.

“பத்துப் பேரைக் கூப்பிட்டு, உன் மூணாவது அத்தியாயத்தைத் தனித்தனியா கேக்க வச்சோம்ல? முதலாளி புதுசா வாங்கின மெஷின் அவங்க முகத்தைப் பாத்து மனசைக் கணிச்சிருக்கு. ஒன்பது பேருக்குத் துளிகூட உடன்பாடு இல்லையாம்.”

ருமியானாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வீட்டில் இருப்பவர்களிடம் வாய் திறக்காமல், கைபேசியிடம் மனதைக் கொட்டுகிறவர்களைப் பற்றிய அத்தியாயம் அது. ப்ளோவ்டிவ் நகரத்தில் வீட்டுக்கு வீடு நடப்பதைத்தானே எழுதினாள்? மற்ற பதிப்பகங்களெல்லாம் ஏற்கெனவே கையை விரித்துவிட்டன. இதுவும் போனால் இத்தனை வருட உழைப்பும் பரணுக்குத்தான்.

“மெஷினுக்கு மனுஷ மனசு தெரியாதுன்னு நான் எழுதினா, அதுக்கு மெஷினே தீர்ப்பு சொல்லுதா? திருடன் கையில சாவியைக் குடுத்த மாதிரில்ல இருக்கு!”

“அதை முதலாளிகிட்டச் சொல்லு. அவருக்கு மெஷின் சொன்னா வேதவாக்கு.”

“சரி, அந்தப் பத்தாவது ஆள்?”

வெலிச்கா சிரித்தாள். “ஆள் குறையுதேன்னு உன் வீட்டுக்காரரை உக்கார வச்சோம். அத்தியாயம் முழுக்க ஆமோதிச்ச ஒரே ஆள் அவர்தான்!”

கலின் மனைவியின் தோளைத் தட்டிக்கொடுத்தான். “ஊரே கைவிட்டாலும் நான் இருக்கேன்டி.”

அந்த வேதனையிலும் அவளுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. வீட்டில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனிதன், எவ்வளவு அன்பு வைத்திருக்கிறான்!

“அக்கா, அவங்க கேக்கும்போது மெஷின் பிடிச்ச வீடியோவை எனக்குக் காட்டுங்க. எந்த வரி பிடிக்கலைன்னு நானே பாக்கணும்.”

“எதுக்குடி? வெந்த புண்ணுல வேல் பாய்ச்சிக்கவா? வா, வீட்டுக்குப் போகலாம்.” கலின் எழுந்தே விட்டான்.

அதற்குள் வெலிச்கா திரையைத் தட்டிவிட்டாள். ரொட்டிக் கடைக்காரி, பஸ் டிரைவர், பள்ளி ஆசிரியை என ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லோருடைய தலையும் இடமும் வலமுமாக அசைந்துகொண்டிருந்தது. சிலர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்கள்.

வெலிச்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“அடக் கடவுளே! வெளிநாட்டு மெஷின்! நம்ம பல்கேரியாவுல தலையை இப்படிப் பக்கவாட்டுல ஆட்டினா ‘ஆமாம்’, மேலும் கீழும் ஆட்டினா ‘இல்லை’ன்னு அதுக்கு எவன் சொல்லிக் குடுத்தான்? ஒன்பது பேரும் ஆமாம், ஆமாம்னுல்ல சொல்லியிருக்காங்க! இரு, இப்பவே முதலாளியை இழுத்துட்டு வரேன்!”

ருமியானாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சந்தோஷத்தில் கணவனைக் கட்டிக்கொள்ளத் திரும்பினாள். அவன் கதவருகே போய்விட்டிருந்தான்.

திரையில் பத்தாவதாகக் கலின் வந்தான். அத்தியாயம் தொடங்கியதிலிருந்து முடியும்வரை, தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருந்தான்.