காக்கா பிடிப்பவர்

அலுவலக ஜன்னலில் இட்லித் துண்டைக் கொத்திக்கொண்டிருந்த காகத்தின் காதில் அந்தப் பேச்சு விழுந்தது.

"நம்ம சிங்காரம் புது மேனேஜரை நல்லா காக்கா பிடிக்கிறார்!"

காகம் இட்லியைப் போட்டுவிட்டு எதிரே இருந்த வேப்பமரத்துக்குப் பறந்தது. "அங்கே ஒரு ஆள் காக்கா பிடிக்கிறாராம். இந்த இடம் வேண்டாம், போயிடலாம்" என்றது.

அடைகாத்துக்கொண்டிருந்த மனைவி அசையவில்லை. "முட்டைகளை யார் தூக்குவது? முதலில் அந்த ஆள் எதை வைத்துப் பிடிக்கிறார், வலையா, கண்ணியான்னு பார்த்துட்டு வாங்க."

காகம் திரும்பிப் போய் ஒளிந்து பார்த்தது. சிங்காரத்திடம் வலையும் இல்லை, கண்ணியும் இல்லை. மேனேஜரின் பையைத் தூக்கினார்; மேனேஜர் வாயைத் திறக்குமுன்பே சிரித்தார்.

"இவர் எப்போது காக்கா பிடிப்பார்?" என்று சுவரிலிருந்த பல்லியைக் கேட்டது காகம்.

"அதைத்தானே செய்துகொண்டிருக்கிறார்!" என்றது பல்லி. "முன்னெல்லாம் காரியம் ஆகணும்னா பெரிய மனிதர்களுக்குக் கால், கை பிடித்துவிடுவார்களாம். 'கால் கை பிடிக்கிறான்' என்பதுதான் வாய்க்கு வாய் மாறி 'காக்கா பிடிக்கிறான்' ஆயிட்டதாம். உனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை."

காகம் துள்ளிக்கொண்டு வந்து மனைவியிடம் சொன்னது.

"நல்லதாப் போச்சு" என்று மனைவி காலை நீட்டியது. "உட்கார்ந்து உட்கார்ந்து மரத்துப்போச்சு. கொஞ்சம் பிடிச்சு விடுங்க."

காகம் ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்தது. யாரும் இல்லை. அலகால் மெல்லப் பிடித்துவிட ஆரம்பித்தது.