பள்ளி வாசலில் நிற்கும் கார்

நாரின் நகரப் பள்ளி வாசலில் மக்சாத்தின் கார் நிற்கிறது. முன்கண்ணாடியில் பனி விழுந்து உருகி வழிகிறது. பக்கத்து இருக்கையில் மகள் பெகிமாய் புத்தகப் பையை மார்போடு இறுக்கிக்கொண்டு மூச்சுக்குத் திணறுகிறாள். மணி அடித்து ஓய்கிறது. ‘எறங்கு’ என்று அதட்ட வாயெடுத்தவன், அவள் மணிக்கட்டில் கன்றியிருக்கும் விரல் தடத்தைப் பார்த்துவிடுகிறான். நேற்று, “நடிக்கிறியாடி?” என்று கத்தி, இதே இடத்தில் அவளைக் காரிலிருந்து இழுத்து இறக்கிய அவனுடைய விரல்கள்தான். காவலாளி குனிந்து பார்த்து, “என்னண்ணே, இளவரசி இன்னைக்கும் எறங்க மாட்டாங்களாமா?” என்று சிரிக்கிறான். மக்சாத் எஞ்சினை அணைக்கிறான். “என்னம்மா பண்ணுது? சொல்லு, திட்ட மாட்டேன்.”

“நெஞ்சு படபடன்னு அடிக்குதுப்பா. செத்துடுவேன்னு பயமா இருக்கு. போன வாரமே சொன்னேனே.”

சொன்னாள்தான். அன்று அவன் காதில் வாங்காமல் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினான். “டாக்டர்கிட்ட போலாம். நானும் கூடவே இருக்கேன்.”

“அவர்கிட்டயும் நடிக்கிறேன்னு சொல்லுவியா?”

“மாட்டேம்மா.”

“சரி” என்கிறாள். ஆறுதலாகத் தலையைத் தடவக் கை நீட்டுகிறான். பெகிமாய் சட்டென்று கண்களை மூடித் தோளைக் குறுக்கிக்கொள்கிறாள். நீட்டிய கையை எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.