தாய்மார் வரிசையில் ஓர் அப்பா

ஆஸ்பத்திரியில் குழந்தைகளை எடை போடும் வரிசையில், எனக்கு முன்னால் ஓர் ஆண் வந்து நின்றார்.

கூடத்தில் சட்டென்று பேச்சு அடங்கியது.

நாங்கள் பதினோரு பெண்கள். எல்லோருக்கும் எச்.ஐ.வி. எல்லோருக்கும் கைக்குழந்தை. மாத்திரையை ஒரு நாளும் தவறவிடாமல் சாப்பிட்டால் தாய்ப்பால் கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்லி, அப்படியே கொடுத்துக்கொண்டிருப்பவர்கள். வீட்டில் மூச்சுவிடாத விஷயத்தை இங்கே வந்துதான் வாய்விட்டுப் பேசுவோம். நடுவில் ஓர் ஆண் வந்து நின்றால் எப்படிப் பேசுவது?

அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. தோளில் இரண்டரை மாதப் பையன். நகக்கண்களில் சோப்புக்குப் போகாத கிரீஸ் கறை. லிஃப்ட் பழுது பார்க்கிற வேலையாம்.

“தப்பா நினைக்காதீங்க. பால் குடுக்கறவங்க என்ன சாப்பிட்டா உடம்பு தேறும்? எங்க வீட்ல எடை ஏறவே மாட்டேங்குது. பழுதான லிஃப்ட் மாதிரி கீழ்த்தளத்துலயே நிக்குது.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவ்வளவுதான், ஆளாளுக்கு வாயைத் திறந்துவிட்டார்கள்.

தினம் முட்டை கொடுங்கள் என்றாள் ஒருத்தி. வேர்க்கடலையை ஒரு டப்பாவில் போட்டு, பால் கொடுக்கிற இடத்திலேயே கையெட்டும் தூரத்தில் வைக்கச் சொன்னாள் இன்னொருத்தி. ஒரேயடியாகத் தட்டை நிரப்பாமல், சின்னச் சின்னதாக இரண்டு வேளை கூடக் கொடுக்கச் சொன்னது மூலையிலிருந்து ஒரு குரல். இரட்டைப் பிள்ளைக்காரி மட்டும், “முதல்ல நீங்க பாத்திரத்தைக் கழுவுங்க, அவங்க தானா தேறிடுவாங்க” என்றாள்.

உதிரிபாகக் கடை ரசீதின் பின்பக்கத்தில் அவர் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டார். சரியா என்று வாசித்தும் காட்டினார். முட்டை, கடலை, கீரை, பருப்பு, பாத்திரம்.

கூடமே சிரித்தது.

நான் சிரிக்கவில்லை.

எனக்கு இந்த நோயைக் கொடுத்தவர் என் வீட்டுக்காரர். என் ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அதே வாரத்தில் ஊரைவிட்டே போய்விட்டார். நான் அப்போது நான்கு மாதம். எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைதான் என்று நினைத்தேன். இவரும் கொடுப்பதைக் கொடுத்துவிட்டு, இப்போது முட்டையும் கடலையும் எதற்கு?

எடைத் தட்டில் படுத்ததும் பையன் தாராளமாக மூத்திரம் போனான். எடையைக் குறைக்கப் பார்க்கிறான் என்று சொல்லிக்கொண்டே நர்ஸம்மா துடைத்துவிட்டு மறுபடி போட்டார். ஐந்து கிலோ இருநூறு.

அம்மா எங்கே என்று கேட்டதற்கு, அவர் ஜன்னலை நோக்கி முகவாயை அசைத்தார். வெளிவாசல் பக்கத்துப் பெஞ்சில் ஒல்லியாக ஒரு பெண், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

ஆறாவது வாரத்தில் பையனுக்கு எடுத்த ரத்தத்தின் முடிவு இன்றைக்கு வந்திருக்கிறது. அதைக் காதால் கேட்கத் தன்னால் ஆகாது, நீங்கள் போய்க் கேட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டாளாம்.

நர்ஸம்மா அவரை உள்ளறைக்கு அழைத்துப்போனார். கதவு சாத்திக்கொண்டது.

அவர் மேல் எனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும் பிள்ளை என்ன பாவம் செய்தது? என் மகளின் முடிவைக் கேட்க அதே கதவுக்குள் நானும் போனது நினைவுக்கு வந்தது.

கதவு திறந்தது.

வெளியே வந்தவர், பையனின் காலிலிருந்து நழுவியிருந்த காலுறையை மாட்டப் பார்த்தார். அது குதிகாலைத் தாண்டவேயில்லை. நான் எழுந்து போய் மாட்டிவிட்டேன்.

“இவனுக்கு இல்லைங்க” என்றார், காலுறையைப் பார்த்துக்கொண்டே.

கூடம் கைதட்டியது. அந்தச் சத்தத்தில் இரட்டையர் இருவரும் ஒன்றாக விழித்து வீறிட்டார்கள். இன்னும் சோதனைகள் பாக்கி இருக்கின்றன, மாத்திரை ஒரு நாளும் தவறக் கூடாது, ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பாலைத் தவிரத் தண்ணீர்கூடக் கூடாது என்று நர்ஸம்மா பின்னாலேயே வந்து சொன்னார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே அவர் வாசலுக்கு ஓடினார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தோம். அவள் திரும்பினாள். அவர் முகத்தைப் பார்த்தாள். உடனே இரண்டு கைகளையும் நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து பால் கொடுக்க ஆரம்பித்தாள். கண் ஒருபக்கம் அழுதது, வாய் ஒருபக்கம் சிரித்தது. அவர் மருந்து ஜன்னலில் நின்று மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு டப்பா.

“அவருக்கு வாங்கலையா?” என்றேன். நினைத்ததைவிடக் காட்டமாகவே வந்தது குரல்.

“அவருக்கு இல்லக்கா. எனக்குத்தான், பிறந்ததுலேருந்து. எங்கம்மா காலத்துல இந்த மருந்தெல்லாம் கைக்கு எட்டல.”

பிள்ளையின் தலையை வருடியபடி ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

“எல்லாம் தெரிஞ்சும், என்னைக் கட்டிக்கிறியான்னு கேட்டாரு. நாலு தடவ கேட்டாரு, நாலு தடவயும் மாட்டேன்னுட்டேன். அஞ்சாவது தடவ அவர் கேக்கல. நான்தான் கேட்டேன்.”

டப்பாவும் கையுமாக அவர் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

நான் மகளை மடியில் இழுத்துக்கொண்டு, அவருக்கும் இடம் இருக்கும்படி பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தேன்.