நெட் ஒழுங்கா வருதா?

"எங்க நெட்டை யாரோ திருடறாங்க. யாருன்னும் எனக்குத் தெரியும்."

நெட்காரர் செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"யாரு மேடம்?"

குரலைத் தாழ்த்தி, சுவர்ப் பக்கம் கண்ணைக் காட்டினாள். "கதவு ஆன்ட்டி."

பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் அம்மாளுக்கு அவள் வைத்த பெயர் அது. அந்தக் கதவு ஒரு சாணுக்கு மேல் திறந்து அவள் பார்த்ததில்லை.

"மகா கஞ்சம். மாடிப்படி லைட்டைக்கூட ஆள் ஏறி முடிக்கறதுக்குள்ள அணைச்சுடுவாங்க. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை கதவிடுக்கு வழியா, 'நெட் ஒழுங்கா வருதா?'ன்னு என்னைக் கேட்கறாங்க. எங்க நெட் வந்தா அவங்களுக்கு என்ன, வராட்டி என்ன?"

"கேட்கறதெல்லாம் திருட்டாகுமா மேடம்?"

"நான் என்ன படம் பார்க்கவா நெட் வச்சிருக்கேன்?"

தொட்டிலுக்கு மேலே சுவரில் கையகலத் தொடுதிரை. அதில் பச்சை எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. குழந்தையின் காலில் கட்டிய பட்டை மூச்சை எண்ணித் திரைக்கு அனுப்பும். திரை, நெட் வழியாக ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட பெண். வார்டில் இருந்தபோது இரண்டு முறை மூச்சுவிட மறந்தவள்.

"இதுக்குள்ள யாராவது புகுந்து எதையாவது மாத்திட்டா? பூட்டு மேல பூட்டா போட்டுக் கொடுத்துடுங்க. நான் படுத்து எத்தனை நாளாச்சு தெரியுமா?"

நெட்காரர் கண்ணிலும் தூக்கம்தான் இருந்தது. காலையிலிருந்து ஏழாவது வீடு. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் போனில் அவளுடைய ரூட்டரைத் திறந்தார்.

"முதல்ல திருடனைப் பிடிப்போம். இப்ப உங்க லைன்ல ஒரு போன், ஒரு லேப்டாப்."

"ரெண்டும் எங்களுது. மூணாவது?"

"மூணாவது இல்ல."

"நல்லா பாருங்க."

"நல்லாத்தான் பார்த்தேன். திருடனை விடுங்க, இந்தத் திரையே உங்க லைன்ல காணோமே மேடம்."

"அது எப்படி? நாலு மாசமா ஓடுது. பத்து நிமிஷம் நெட் விட்டுப் போனாலும் ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வரும். இதுவரைக்கும் ஒரு போன் வந்ததில்ல."

அவர் எழுந்து திரையைத் தொட்டார். ஒவ்வொரு பக்கமாகத் தள்ளி, நின்று, வாய்விட்டுப் படித்தார்.

"கருவியின் பெயர், பாப்பா மூச்சு. பாதுகாப்பு, எதுவுமில்லை. யார் மேடம் இதை செட் பண்ணது?"

"நான்தான். ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த அன்னைக்கு. பேர் கேட்டுச்சு, அடிச்சேன். அப்புறம் லிஸ்ட்ல மேல இருந்ததைத் தொட்டேன். பாஸ்வேர்டுகூடக் கேட்கல. அப்பாடான்னு விட்டுட்டேன்."

"உங்க லைன் பேர் எழுபத்துநாலுல முடியும். நீங்க தொட்டது நாற்பத்தேழு." சுவரைப் பார்த்தார். "அது இந்த ஆன்ட்டி லைன். நான்தான் மாட்டினேன்."

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அப்போ திருடினது..."

"அதை நான் சொல்லணுமா மேடம்?"

அவர் திரையில் எழுபத்துநாலைத் தேர்ந்தெடுத்தார். இருப்பதிலேயே கெட்டியான பாதுகாப்பைப் போட்டார். பாஸ்வேர்டை அவளையே அடிக்கச் சொல்லித் திரும்பிக்கொண்டார். இரண்டு தடவை தப்பாக அடித்தாள். மூன்றாவது தடவை பச்சை எண்கள் மறைந்தன. திரும்பி வரும்வரை அவளும் மூச்சு விடவில்லை.

"அவங்களையும் சொல்லணும். பாஸ்வேர்டு போடுங்கம்மான்னு நாலு தடவை வந்து சொல்லிட்டேன். வேணாம்னு ஒரே பிடிவாதம்" என்றார் அவர்.

தன் வீட்டுக் கதவைத் திறந்தே வைத்துவிட்டு, அவள் நான்கே அடி நடந்து பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். நெட்காரர் பின்னால் வந்து நின்றார்.

கதவு ஒரு சாண் திறந்தது.

"என்ன, நெட் ஒழுங்கா வருதா?"

"ஆன்ட்டி, தெரியாம நாலு மாசமா உங்க லைன்லதான்..."

"தெரியும். நீ திரை மாட்டின மறுநாளே, என் லைன்ல என்னென்ன இருக்குன்னு இந்தத் தம்பி போன்ல காட்டினப்போ 'பாப்பா மூச்சு'ன்னு பேரைப் பார்த்தேன். இவர் கவனிக்கல."

"சொல்லியிருக்கலாமே ஆன்ட்டி."

"எதுக்கு? ஏற்கெனவே பயந்து பாதி ஆளா ஆயிட்டே. பாஸ்வேர்டு போட்டா உள்ள இருக்கறதெல்லாம் அறுந்துடும்னு இவர்தான் சொன்னார். அதான் போடல. இப்ப உன் லைனுக்கு மாத்தியாச்சா? நிச்சயமா?"

"நிச்சயமா ஆன்ட்டி."

"அப்பாடா. இனிமே என் பொண்ணு வீட்டுக்குப் போய் நாலு நாள் இருந்துட்டு வரலாம். கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ஞ்சு போயிட்டா. கரண்ட் போய் வந்தா ரூட்டர் திரும்ப வந்துச்சான்னு பார்க்க வீட்ல ஆள் வேணுமே, அதான் போகல."

அவள் கதவு நிலையில் சாய்ந்தாள்.

"உள்ள வா. நின்னுக்கிட்டே தூங்கறே."

அந்தக் கதவு அவள் கண்ணெதிரே முதல் முறையாக முழுதும் திறந்தது. பகலிலும் உள்ளே இருட்டு. ஒரு விளக்கு எரியவில்லை, ஒரு மின்விசிறி ஓடவில்லை. மூலையில் ரூட்டர் மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. அதன் சுவிட்சின் மேல் குறுக்கும் நெடுக்குமாகப் பிளாஸ்திரி ஒட்டி, எதைக் கண்டாலும் அணைத்துவிடும் தன் கைக்குத் தானே எழுதிய சீட்டொன்று.

'பாப்பா மூச்சு. அணைக்காதே.'