வழவழப்பு ஒன்பது

"ஒரிஜினல் படத்தைக் காட்டுங்க சார்."

டீயை வாயருகே கொண்டுபோன டென்சில் அப்படியே நிறுத்தினார். யூனிஸ் வேலைக்குச் சேர்ந்த அன்றே அவர் சொல்லியிருந்தார்: என்ன வேண்டுமானாலும் கேள், ஒரிஜினலை மட்டும் கேட்காதே.

"என்னம்மா, காலங்காத்தால?"

"காட்டுங்க."

பொம்மனஹள்ளியில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்தது அந்த அலுவலகம். அவர்களுடைய எக்ஸ்ரே வேன் சந்தாபுரா பக்கத்துக் கிரானைட் தொழிற்சாலைகளுக்குப் போய், தொழிலாளிகளின் நெஞ்சைப் படம் எடுத்து வரும். கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டுவது யூனிஸின் வேலை. அந்த ஒரு வரி, படத்திலுள்ள ஒவ்வொரு புள்ளியையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளோடு கலந்து சராசரியாக்கும். வரியின் கடைசியில் போடும் எண் கூடக்கூட வழவழப்பும் கூடும். மொத்தப் படங்களும் வழவழவென்று ஆகி டாக்டருக்குப் போகும். படத்தைத் திறந்து பார்க்கும் பாஸ்வேர்டு டென்சிலிடம் மட்டும்.

"பழைய மிஷின், படத்துல பொடிப்பொடியா விழுது, அதைத் தொடைக்கத்தான்னு சொன்னீங்க. நான் மூணு போட்டேன். பத்தாது, ஒம்போது போடுன்னீங்க. ஒம்போது போட்டா மிஷின் பொடி மட்டுமா போகும்? கடுகு சைஸுக்கு எது இருந்தாலும் காணாமப் போயிடும்."

"ஓஹோ. மேடம் யோசிக்க ஆரம்பிச்சுட்டீங்க."

"லேட்டாத்தான் யோசிச்சேன். டோக்கன் நம்பர் நாப்பத்தாறு. போன வாரம் எடுத்தது. தொறங்க."

"அந்த நம்பர் உனக்கு எப்படிக் கெடச்சுது?"

"கெடச்சுது."

கதவைத் தள்ளிக்கொண்டு ரிசப்ஷன் மமதா தலையை நீட்டினாள். "யூனிஸ், கீழ ஆட்டோ அண்ணா கத்துறாரு. இன்னும் எஷ்டு ஹொத்து, எவ்ளோ நேரம் நிக்கணுமாம்?"

"வந்துட்டேன்னு சொல்லு."

"வேலை நேரத்துல ஆட்டோல எங்க சவாரி?" என்றார் டென்சில். அவள் நகரவில்லை.

அவர் சலித்துக்கொண்டே கீபோர்டை இழுத்தார். "சரி, பாரு. பாத்துட்டு வாயை மூடிக்கிட்டு உக்காரு. இதுல உன் கையும் இருக்கு, ஞாபகம் வெச்சுக்கோ."

இரண்டு படங்கள் அருகருகே விரிந்தன. வலப்பக்கம் அவளுடைய கட்டளை ஓடி முடித்த படம், கழுவிய சிலேட்டு போல. இடப்பக்கம் ஒரிஜினல். இரண்டு நுரையீரலிலும் கைப்பிடி உப்பை அள்ளி இறைத்தது போல் வெள்ளைப் புள்ளிகள்.

யூனிஸ் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"கல்லுத் தூசி," என்றார் டென்சில் சாதாரணமாக. "எங்க தாத்தா கோலார்ல மைன்ஸ்ல எறங்கினவரு. அவருக்கும் இப்படித்தான் இருந்துச்சு. என்ன புதுசா?"

"இந்த நெஞ்சுக்கா ஃபிட்டுன்னு சர்ட்டிஃபிகேட் குடுத்தீங்க?"

"நானா குடுத்தேன்? டாக்டர் குடுத்தாரு. டாக்டர் பாத்தது உன் படத்தை."



டென்சில் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரையில் பெயரைப் படித்தார். சிரித்தேவிட்டார். "அட, ஜெயவேலு! இந்த ஆளுதாம்மா இதை ஆரம்பிச்சு வெச்சதே. நீயெல்லாம் வர்றதுக்கு முன்னாடி. வேன் பக்கத்துல வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டான். 'உள்ளதை எழுதினா கல்லு கட்டிங் வேலைலருந்து தூக்கிடுவாங்க சார், பொண்ணு படிப்பு நின்னுடும், அவ டிகிரி முடிக்கிற வரைக்கும் இதை மறைச்சுடுங்க'ன்னு ஒரே அழுகை. பாவமா இருந்துச்சு. அவன் ஒருத்தன் படத்தை மட்டும் நானே மவுஸ்ல உக்காந்து தொடச்சேன். ஃபேக்டரி ஓனருக்கு விஷயம் தெரிஞ்சுது. எல்லாருக்கும் அப்படியே பண்ணுன்னாரு. நீ வந்தே. ஒரே வரியில முடிச்சுக் குடுத்தே."

"பொண்ணு... டிகிரி முடிச்சிருப்பாளே?"

"முடிச்சுட்டாளாம். போன வாரம் வந்து, 'பொண்ணு வேலைக்குப் போறா சார், இனிமே என்னால முடியல, உள்ளதை எழுதிடுங்க'ன்னான். எப்படி எழுதறது? ஒருத்தனுக்கு உண்மைய எழுதினா நாளைக்கு ஃபேக்டரி முழுக்க இன்ஸ்பெக்‌ஷன் வந்து நிக்கும்."

"அதனால?"

"அதனால என்ன, உன் கமாண்ட் ஓடிச்சு. அவ்ளோதான்."

யூனிஸ் செல்போனை எடுத்தாள். இரண்டு படங்களும் பெயரும் தெரியும்படி திரையைப் படம் பிடித்தாள்.

டென்சில் டீ சிந்த எழுந்தார். "ஏய்! சும்மா தலையக் குடுக்காத. இது வெளிய போனா மொதல்ல உன் பேருதான் வரும்."

"வரட்டும். ஒம்போதுன்னு தட்டினது நான்தானே."

"யாரோ ஒருத்தனுக்காக வேலைய விட்டுடுவியா?"

அவள் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி அவருடைய டீ கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஜெ. யூனிஸ் என்றிருந்தது.

"சேர்ந்த நாள்லேருந்து இந்த 'ஜெ' என்னன்னு நீங்க கேட்டதே இல்ல சார்."

டென்சில் அட்டையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்.

"கீழ ஆட்டோல உக்காந்து இருமிக்கிட்டு இருக்காரு எங்கப்பா. அவர் சட்டைப் பையிலதான் அந்த நாப்பத்தாறாம் நம்பர் டோக்கன் கெடச்சுது. வேற ஆஸ்பத்திரில உள்ளபடியே ஒரு படம் எடுக்கணும்" என்றபடி அவள் படியிறங்கினாள்.