முதல் கோப்பை நடுக்கம்

தன் பங்காளி மித்காலைப் பற்றி சத்தாம் சொன்னதை டாக்டர் ரக்கான் மூன்று வருஷமாக நம்பவில்லை.

"உங்க சிகிச்சை பலிக்கல டாக்டர். வெள்ளிக்கிழமை என் வீட்டுக் காப்பிக்கு வந்தா மித்காலுக்குக் கை நடுங்குது. முதல் கோப்பை முடிஞ்சதும் ஆரம்பிச்சிடுது."

ஒலி அலையைக் குவித்து மூளைக்குள் ஒரு புள்ளியைச் சுட்டு நடுக்கத்தை நிறுத்திய பிறகு, அந்த மூளை எப்படி மாறுகிறது? அதுதான் ரக்கானின் ஆராய்ச்சி. மித்காலின் மூளைப் படங்களில் ஒரு குறையும் இல்லை. நடுக்கத்தைச் சோதிக்க ஆஸ்பத்திரியில் அவர் வரைந்த சுழிக்கோடும் நெளியவில்லை.

படத்தை நம்புவதா, பங்காளியை நம்புவதா? ரக்கானுக்குத் தூக்கம் கெட்டது.

இந்த வருஷம் சத்தாம் மித்காலைக் கையோடு இழுத்து வந்துவிட்டார். "இன்னொரு தடவை சுட்டுடுங்க."

"சரி, சிகிச்சைக்கு மறுபடியும் மொட்டைதானே? அடிச்சுக்கறேன்," என்றார் மித்கால், தரையைப் பார்த்துக்கொண்டே.

தேவையில்லாமல் சுட்டால் பேச்சு குழறலாம், நடை தள்ளாடலாம். நேரில் பார்த்துவிடுவது என்று ரக்கான் வெள்ளிக்கிழமை சத்தாமின் ஊரான கரக்குக்குக் காரை விட்டார்.

சத்தாம் தன் கையால் வறுத்து, இடித்துக் காய்ச்சிய காப்பி. வழக்கப்படி முதலில் தான் குடித்துக் காட்டினார். பிறகு விருந்தாளிகளுக்கு ஊற்றினார்; போதும் என்று கோப்பையை ஆட்டிக் காட்டும்வரை ஊற்றிக்கொண்டே இருப்பது அங்கே மரியாதை.

மித்கால் குடித்து முடித்தார். வலது கை வெடவெடவென்று ஆடியது.

"பாத்தீங்களா?" சத்தாம் கோப்பையை வாங்கிக்கொண்டார். "பாவம், ரெண்டாவது கோப்பை குடிக்க இவனுக்குக் கொடுப்பினை இல்ல."

சுற்றி இருந்தவர்கள் மித்காலைப் பொறாமையோடு பார்த்தார்கள்.

சத்தாம் அந்தப் பக்கம் நகர்ந்ததும், அதே வலது கை ஒரு பேரீச்சம்பழத்தைப் பிளந்து கொட்டையை நறுவிசாக எடுத்தது.

ரக்கான் தன் கோப்பையில் வாய் வைத்தார். சுத்தக் கரி. ஏலக்காய் போட்ட கரி.

"அண்ணே, இதுக்காகவா?" என்றார் மித்காலிடம் மெதுவாக.

"சத்தம் போடாதீங்க டாக்டர். சத்தாமோட பொண்டாட்டி செத்துப் போனதுல இருந்து அவனேதான் வறுக்கறான். அவனுக்கு மணமும் தெரியாது, ருசியும் தெரியாது. முதல் கோப்பையிலயே போதும்னு கோப்பைய ஆட்டினா அவனுக்கு அவமானம். நடுங்கினா எனக்கு வியாதி."

"அதுக்குத் தலையக் குடுப்பீங்களா?"

"என் தலைதானே."

சத்தாம் காப்பிக் கெண்டியோடு எதிரே வந்து நின்றார். "சொல்லுங்க டாக்டர். எப்ப வெச்சுக்கலாம்?"

ஆராய்ச்சியில் ஒரு புள்ளியைக்கூட மாற்றி எழுதாத ரக்கான் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மறுபடி சுட வேணாம் அண்ணே. நடுங்கற கைக்கு வறுக்கறதுதான் நல்ல பயிற்சி. இனிமே காப்பிக்கொட்டைய மித்கால் வறுக்கட்டுமா?"